இரண்டு டயரில் மிச்சம் பிடித்த 420 டாலர்

டென்வருக்குக் குடிவந்து நாலாவது குளிர்காலத்தில்தான் பிக்கப் டிரக் வாங்கினேன். அதுவரை இருந்த சின்னக் காரில் மலைப் பக்கம் போகவே பயம். இங்கே ஐ-70 நெடுஞ்சாலையில் மோரிசன் தொடங்கி டாட்செரோ வரை செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஒரு சட்டம் உண்டு. பனிக்கு ஏற்ற டயராவது, சங்கிலியாவது, இல்லாவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாவது வேண்டும். அப்படிப்பட்ட நால்சக்கர வண்டியானாலும் டயர் பட்டன், அதாவது டயரின் மேல் இருக்கிற வரிப்பள்ளம், 3/16 அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். மீறினால் 130 டாலருக்கு மேல் அபராதம், வழுக்கி நின்று பாதையை அடைத்துவிட்டால் 650-க்கு மேல். நால்சக்கர டிரக் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்று நினைத்தேன். டயர் பட்டன் பற்றிய அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் என்றுகூடச் சொல்லலாம்.

வண்டிக்கு ஒன்பது வயது, ஓடியது 94,000 மைல். டாஷ்போர்டில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், இரண்டு சக்கரம் இழுக்க வேண்டுமா நாலும் இழுக்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஒரு திருகு. அதில் நாலு இடம்: 2 ஹை, ஆட்டோ, 4 ஹை, 4 லோ. விற்றவர் ஒவ்வொன்றையும் விளக்க ஆரம்பித்தார். ஆட்டோ என்று ஒன்று இருக்கும்போது மற்ற மூன்றும் எதற்கு என்று எனக்குள் ஒரு அலட்சியம். வாஷிங் மெஷினில் எல்லாத் துணிக்கும் ஒரே பட்டனைத் தட்டுகிற ஆள் நான். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று ஆட்டோவில் வைத்தேன், அப்புறம் அதைத் தொடவே இல்லை. டென்வரில் பனி விழுந்தாலும் இரண்டு நாள் வெயிலில் சாலை காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த சாலையிலும் ஆட்டோதான்.

டிசம்பர் முதல் வாரம் முன் டயர் இரண்டும் ஓரத்தில் மொட்டையாகிவிட்டதைக் கவனித்தேன். அலைன்மென்ட் போயிருந்தது. டயர் கடைக்காரர் நாலையும் பார்த்துவிட்டு, “பின்னால் இருப்பதும் பாதிக்கு மேல் போய்விட்டது. நால்சக்கர வண்டிக்கு நாலையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது” என்றார். சரக்கை விற்கத்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடச் சொன்னேன். புதுசைப் பின்னால் போடுவதுதான் வழக்கம் என்று இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. 420 டாலர் மிச்சம் என்று அன்றிரவு மனைவியிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

ஒரு வாரத்திலேயே வண்டி பேச ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை. கடை வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது அடியில் ஒரு இழுவை. யாரோ வாலைப் பிடித்து விட்டு விட்டு இழுப்பது மாதிரி வண்டி துள்ளித் துள்ளித் திரும்பும். திரும்பி முடிந்து நேராகும்போது டொக்கென்று ஒரு சத்தம். கேலனுக்கு 17 மைல் கொடுத்த வண்டி 15-க்கு இறங்கியது. குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரிக் கடைசியில் நால்சக்கர இயக்கத்தைப் பழுது பார்க்கச் சொல்லி ஒரு செய்தி திரையில் வந்தது. வண்டியை அணைத்துப் போட்டேன், போய்விட்டது. போனால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்!

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆபீஸ் நண்பர்கள் ஃபிரிஸ்கோவில் ஒரு கேபின் எடுத்திருந்தார்கள், வேலை முடித்துத் தனியாகக் கிளம்பினேன். ஐடஹோ ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் பனி பிடித்தது. சில்வர் புளூம் தாண்டி ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறுகிற இடம். சுரங்கமே பதினோராயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே போகிற ஏற்றம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் வண்டிகள் நின்றன, நானும் நின்றேன். மறுபடி நகர வேண்டிய நேரத்தில் மிதித்தால் பின் சக்கரம் இரண்டும் சும்மா சுற்றுகின்றன. வண்டியின் பின்புறம் மெதுவாக வலப்பக்கம் நழுவுகிறது. முன் சக்கரம் அசையவே இல்லை. திருகை 4 ஹைக்குத் திருப்பினேன். விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது, எல்லா விளக்கும் அணைந்தது, அதே செய்தி மறுபடி வந்தது. பின்னால் ஒரு பெரிய லாரியின் வெளிச்சம் கண்ணாடியில் வளர்ந்துகொண்டே வந்தது. அந்த ஐந்து நொடியை நான் இன்னும் கனவில் காண்கிறேன். லாரிக்காரர் எப்படியோ நிறுத்திவிட்டார். நான் சரிவின் போக்கிலேயே அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டு, ஓரத்தில் ஒதுக்கினேன். கை நடுக்கத்தில் எச்சரிக்கை விளக்குப் பட்டனையே இரண்டு தடவை தவறவிட்டேன்.

இழுவை வண்டி வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் ஊரிலிருந்து மனைவி அழைத்தாள், அங்கே காலை எட்டரை. “எங்க இருக்கீங்க?” “வீட்லதான்.” பொய் சொன்னதில் வருத்தமில்லை, ஆனால் அழாமல் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி மாட்டிக்கொண்டால் ஒன்றை மறக்காதீர்கள்: ஹீட்டருக்காக என்ஜினை ஓட விடுவதானால், அவ்வப்போது இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடினால் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. அப்புறம் இழுவை வண்டியைக் கூப்பிடும்போதே நால்சக்கர வண்டி, முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்கிற தட்டு வைத்த லாரிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு முதலில் வந்தது இரண்டு சக்கரத்தைத் தூக்கி மற்ற இரண்டை உருட்டிக்கொண்டு போகிற வகை. நான் சரி என்று சொல்லியிருப்பேன். அந்த ஓட்டுநர்தான் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதை இப்படி இழுத்தால் உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று வேறு லாரியை வரவழைத்தார். டென்வர் வரை 640 டாலர்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்புகிற பெட்டி, அதன் மோட்டார் பழுது என்று கோட் (பழுதைக் குறிக்கிற எண்) வந்தது. மோட்டாரை மாற்றினார்கள், கூலியோடு 480. நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் அதே துள்ளல், அதே செய்தி. மறுபடி போனபோது, மொத்த டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்ற வேண்டும், 3,400 ஆகும் என்றார்கள். கையெழுத்துப் போட பேனா எடுத்துவிட்டேன். என்னமோ உறுத்தியது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கோட் என்பது வலிக்கிற இடத்தைத்தான் சொல்லும், வியாதியைச் சொல்லாது. உள்ளே இருக்கிற எண்ணெயை ஒரு சொட்டுகூட வெளியே எடுத்துப் பார்க்காமல் ஒருவர் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு விலை சொன்னால் அங்கே பேனாவை எடுக்காதீர்கள்.

அடுத்து போனது அரோராவில் ஒரு ஆள் மட்டும் வேலை செய்கிற கொட்டகைக்கு. அறுபது வயதிருக்கும் அவருக்கு. வண்டியை லிஃப்டில் ஏற்றவே இல்லை. மேசையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து, முன் டயரிலும் பின் டயரிலும் தரை தொடுகிற இடத்தில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. “மெதுவாக முன்னால் உருட்டுங்கள்” என்றார். டயர் ஒரு முழுச் சுற்று சுற்றிக் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் மறுபடி கோடு. டேப்பை இழுத்து இரண்டையும் அளந்தார். பின் டயர் ஒரு சுற்றில் போகிற தூரம் முன் டயரைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, “இதை யார் செய்தது?” என்றார். நான்தான் என்றேன்.

அவர் அன்றைக்கு விளக்கியதைத்தான் என் பாஷையில் சொல்கிறேன். கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின் அச்சுக்குப் போகிறது, இன்னொன்று முன் அச்சுக்கு. 2 ஹையில் பின்னதற்கு மட்டும்தான் சக்தி. பழைய வகைப் பெட்டியில் 4 ஹை போட்டால் உள்ளே ஒரு செயின் வழியாக இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போகும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். முன்னதுக்கு அதிகம் சுற்றியாக வேண்டும், பூட்டு விடாது. பனியில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, எல்லாம் முறுக்கிக்கொள்ளும். எங்கள் ஊர்த் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முட்டுக்கட்டை போட்டுப் போட்டு, சக்கரம் தரையைச் சிராய்த்துக்கொண்டு, முனகிக்கொண்டேதான் திரும்பும்.

ஆட்டோ இருக்கிற பெட்டியில் அந்த முரட்டுப் பூட்டுக்குப் பதிலாக ஒரு கிளட்ச் பேக். வளையல் மாதிரி மெல்லிய தட்டுகள், ஒன்றுவிட்டு ஒன்று, எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு பாதித் தட்டுகள் பின் ஷாஃப்டோடு சுற்றும், மறு பாதி செயினோடும் முன் ஷாஃப்டோடும். நசுக்காமல் விட்டால் இரண்டு பாதியும் தனித்தனியே சுற்றும். நசுக்கினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு முன்னாலும் சக்தி போகும். எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு போகும். நசுக்குவது ஒரு சின்ன மின்மோட்டார். எவ்வளவு தூரம் திருப்பியிருக்கிறோம் என்று சொல்ல அதிலேயே ஒரு சென்சார். அதற்கு உத்தரவு போடுகிற கம்ப்யூட்டர் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: முன் ஷாஃப்ட் எவ்வளவு வேகம், பின் ஷாஃப்ட் எவ்வளவு வேகம். பின்னது முன்னதைவிட வேகமாகச் சுற்றினால், பின் சக்கரம் வழுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு கிளட்சை நசுக்கும். இரண்டும் ஒன்றானதும் விட்டுவிடும். கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் இதெல்லாம் நடந்துவிடும்.

என் வண்டியில் பின் டயர் தேய்ந்து சின்னதாகிவிட்டது, முன் டயர் புதுசு, பெரிசு. சின்னச் சக்கரம் அதிகம் சுற்றியாக வேண்டும். அவர் ஒரு அட்டையில் போட்ட கணக்கு: புது டயரில் பட்டன் 12/32 அங்குலம், தேய்ந்ததில் 4/32. ஆரத்தில் கால் அங்குலம், விட்டத்தில் அரை அங்குலம் வித்தியாசம். புது டயர் ஒரு மைலுக்கு சுமார் 638 சுற்று, பழையது 648. பத்துச் சுற்று வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஷாஃப்ட் சக்கரத்தைவிட 3.73 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, என் வண்டியின் அச்சு விகிதம் அது. ஆக மைலுக்கு சுமார் 37 சுற்று. மணிக்கு 60 மைலில் போனால் நிமிஷத்துக்கு 37 சுற்று, நிற்காமல். வெயிலில், நேரான சாலையில், நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஆபீஸ் போகும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பின் சக்கரம் வழுக்குகிறதென்றே நம்பிக் கிளட்சை அரைகுறையாக நசுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தேய்ந்த டயருக்கும் வழுக்குகிற டயருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அதற்கு ஒரே எண்தான். பாவம், தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பைக்கில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினால் என்னவாகும்? அதேதான்.

எண்ணெயை ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஊற்றிக் காட்டினார். கறுப்பு. தோசைக்கல்லில் எண்ணெய் தீய்ந்த வாடை. பெட்டியைப் பிரித்தபோது தட்டுகளின் மேலிருந்த உராய்வுப் பூச்சு பல இடத்தில் உரிந்து, இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. செயினும் தொங்கிப்போயிருந்தது. மலையில் 4 ஹை போட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டேன். இந்த வகைப் பெட்டியில் 4 ஹைக்கென்று தனிப் பூட்டு கிடையாது, அதே கிளட்சை முழுப் பலத்தோடு நசுக்குவதுதான் 4 ஹை, என்றார். கிளட்ச் போனால் ஆட்டோவும் போச்சு, 4 ஹையும் போச்சு. சில வண்டிகளில் கிளட்சும் இருக்கும், அதோடு பல்லோடு பல் மாட்டுகிற பூட்டும் இருக்கும். உங்களுடையது எது என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

புதுத் தட்டுகள், செயின், பேரிங், சீல், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 1,850. பாகங்கள் வர ஒன்பது நாள், அதுவரை வாடகைக் கார் 390. இழுவை, வீணாக மாற்றின மோட்டார் எல்லாம் கூட்டினால் 3,360 டாலர். 420-ஐ மிச்சம் பிடிக்கப் போய்! அந்த மோட்டார் வீண் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. இரண்டு மாதம் ஓயாமல் நசுக்கிக்கொண்டிருந்த மோட்டார், சீக்கிரமே போயிருக்கும் என்றார் பெரியவர். மனசைத் தேற்றச் சொன்னாரோ என்னவோ.

இப்போது திருகை எப்படி வைக்கிறேன் என்றால்: சாலை காய்ந்திருந்தால் 2 ஹை, மறுபேச்சில்லை. ஆட்டோவில் முன் அச்சும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடப் போகும். நிழல் பக்கம் ஐஸ், வெயில் பக்கம் காய்ந்த தார் என்று மாறி மாறி வருகிற சாலைக்குத்தான் ஆட்டோ. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருந்தால் 4 ஹை. அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே போடலாம், ஆனால் சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு போடுவதைவிட ஏற்றத்துக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. 4 லோ என்பது உள்ளே இன்னொரு பல்சக்கரக் கூட்டம் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. செங்குத்தான மண் சாலைக்கும், புதைந்த வண்டியை எடுக்கவும்தான், நெடுஞ்சாலைக்கு இல்லை. என் வண்டியில் அதைப் போட, கிட்டத்தட்ட நிற்கிற வேகத்துக்கு வந்து கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். இன்னொன்று, நாலு சக்கரமும் இழுப்பது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. பிரேக் போடும்போது நீங்களும் சின்னக் கார்க்காரரும் ஒன்றுதான்.

எண்ணெய் விஷயம். என் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு குவார்ட்தான் (இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) பிடிக்கும், நானே மாற்றினால் நாற்பது டாலருக்குள். 94,000 மைலில் யாரும் ஒரு தடவையாவது மாற்றினார்களா என்று நான் கேட்கவே இல்லை. எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டில் பாருங்கள். கிளட்ச் தட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை அந்த எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. கடையில் கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால் புதுத் தட்டும் அதிரும். கழற்றும்போது முதலில் மேலே இருக்கிற நிரப்பும் திருகைத் திறந்து பாருங்கள். கீழ்த் திருகைத் திறந்து எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, மேல் திருகு துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். பெட்டி மென்மையான உலோகம், திருகைப் பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் என்ஜினைக் கேட்பதற்கு முன் நாலு டயரையும் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்தால் ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) காசு போதும். வாஷிங்டன் தலை கீழே போகும்படி பட்டனுக்குள் விடுங்கள், தலையுச்சியை டயர் தொட்டால் 4/32 இருக்கிறது என்று அர்த்தம். ஐ-70 சட்டம் கேட்பதோ 6/32. மலையில் நின்ற அன்று நால்சக்கரம் என்ற பெயரில் நான் ஓட்டியது இரண்டு சக்கர வண்டி, அதுவும் சட்டத்துக்குப் புறம்பான டயரில். ஓட்டிப் பார்க்கும்போது ஆட்டோவில் போட்டு, காலி பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக எட்டு போடுங்கள். துள்ளினாலோ டொக்கென்றாலோ விலை பேசுவதற்கு முன் டயரை அளந்துவிடுங்கள். அப்புறம் குனிந்து பெட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள், ஈரமாக இருக்கக் கூடாது.

வண்டி கைக்கு வந்த அன்றே அதே டயர் கடைக்குப் போனேன். முன்னால் இருப்பது அதிகம் ஓடவில்லை, 11/32 இருந்தது. அதே கம்பெனி, அதே ரகத்தில் இரண்டு வாங்கிப் பின்னால் போட்டால் போதும், வித்தியாசம் 2/32-க்குள் இருக்கட்டும் என்று பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ரகத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “விலை இருபது டாலர் ஏறியிருக்கிறது” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் 440-ஐ எடுத்து நீட்டிவிட்டு, அவர் டயரை மாட்டி முடிக்கும் வரை சாக்பீஸோடு பக்கத்திலேயே நின்றேன்.